பல் குறைந்த வயதில் சத்து குறையாமல் உண்பதற்கு: பெரியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கான வழிகாட்டி

வீட்டில் பெரியவர் ஒருவருக்குப் பல் ஆடத் தொடங்கியதும், அல்லது கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டதும், அவருடைய சாப்பாடு யாரும் முடிவு செய்யாமலேயே மாறத் தொடங்குகிறது. முதலில் முறுக்கும் வேர்க்கடலையும் போகும். பிறகு கறி, கொத்தவரங்காய்ப் பொரியல், சுண்டல், கொய்யா என்று ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து விலகும். சில மாதங்களில் காலையில் இட்லி, மதியம் குழைந்த ரசம் சாதம், மாலையில் டீயில் தோய்த்த பிஸ்கட், இரவில் மறுபடியும் இட்லியோ கஞ்சியோ என்ற அளவில் சாப்பாடு நின்றுவிடும். யாரும் அவரைப் பட்டினி போடவில்லை. மூன்று வேளையும் அன்போடுதான் பரிமாறுகிறார்கள். ஆனாலும் அந்தத் தட்டில் மாவுச்சத்தைத் தவிர வேறொன்றும் பெரிதாக இல்லாததால், கன்னம் ஒட்டுகிறது, ரவிக்கையும் சட்டையும் தொளதொளக்கின்றன, உட்கார்ந்த இடத்திலிருந்து எழக் கை ஊன்ற வேண்டியிருக்கிறது. "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று நாமும் விட்டுவிடுகிறோம். இந்த மெலிவில் பெரும்பகுதி வயதினால் வருவதன்று. வாயில் தொடங்கித் தட்டில் வளர்வது. ஆகவே வாயையும் தட்டையும் சேர்த்தே கவனித்தால் இதைத் தடுக்கவும், பல நேரங்களில் திருப்பவும் முடியும்.

வாயும் உடம்பும் ஒன்றையொன்று இழுக்கும் விதம்

ஞானப்பற்களையும் சேர்த்தால் வளர்ந்தவருக்கு 32 பற்கள். வகை வகையான உணவை மென்று உண்ண 20 பற்களாவது வாயில் இருக்க வேண்டும் என்பது உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. ஜப்பானில் 1989ஆம் ஆண்டில் தொடங்கிய இயக்கத்துக்கு "80 வயதில் 20 பற்கள்" என்றே இலக்கு வைத்தார்கள். எண்ணிக்கையைப் போலவே பற்கள் இருக்கும் இடமும் முக்கியம். மேலே பத்துப் பற்கள் இருந்தும், கீழே அவற்றோடு பொருந்திக் கடிக்கப் பற்கள் இல்லையென்றால் அந்தப் பத்தும் மெல்ல உதவுவதில்லை. முழுப் பல்செட் அணிந்தவரின் கடிக்கும் விசை, சொந்தப் பற்கள் உள்ளவருடையதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான்.

மெல்ல முடியாதவர் முதலில் கைவிடுபவை கறி, பயறு, கொட்டை வகைகள், பச்சைக் காய்கள், கெட்டியான பழங்கள் ஆகியவை. அவற்றோடு புரதம், இரும்புச்சத்து, துத்தநாகம், நார்ச்சத்து, வைட்டமின் சி ஆகியவையும் போய்விடுகின்றன. பலர் கவனிக்காத பாதை ஒன்று இங்கிருந்து திரும்பி வாய்க்கே வருகிறது. புரதம் குறைந்தால் கை கால் தசைகளோடு தாடைத் தசைகளும் நாக்கும் சேர்ந்தே மெலியும். மெல்லுவதும் விழுங்குவதும் முன்னைவிடக் கடினமாகும். உடம்பு இளைத்தால் நன்றாகப் பொருந்தியிருந்த பல்செட்டும் ஆடத் தொடங்கும். வைட்டமின் பி12, ஃபோலேட், இரும்பு ஆகியவை குறைந்தால் நாக்கு சிவந்து, வழவழப்பாகி, காரம் பட்டால் எரியும்; எரிச்சலுக்குப் பயந்து அவர் இன்னும் குறைவாக உண்பார். நீரிழிவு உள்ளவர்களிடம் இந்தச் சுழல் இன்னும் வேகமாகச் சுற்றுகிறது: கட்டுப்படாத சர்க்கரை ஈறுநோயை வளர்க்கிறது, வளர்ந்த ஈறுநோய் சர்க்கரையைக் கட்டுப்படுத்த விடுவதில்லை.

தட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுதல்

பெரியவர்கள் பலர் வாய்வலியைச் சொல்ல மாட்டார்கள். செலவு வைக்கக் கூடாது என்ற நினைப்பும், பல் போவது இயற்கைதானே என்ற எண்ணமும் அவர்களைத் தடுக்கின்றன. "பசிக்கலை", "வாய் கசக்குது", "எதுவும் ருசிக்கலை" என்றுதான் சொல்வார்கள். அதனால் அவர் சாப்பிட்டு எழுந்த தட்டைப் பாருங்கள். ஓரத்தில் மென்று துப்பிய சக்கை இருக்கிறதா? குழம்பு மட்டும் போய்க் காய் அப்படியே கிடக்கிறதா? ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்துத் தள்ளுகிறாரா? ஒரே பக்கமாக மெல்கிறாரா? முன்பு கால் மணி நேரத்தில் முடித்த சாப்பாடு இப்போது முக்கால் மணி நேரம் ஆகிறதா? கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார மறுத்து, வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறாரா? கடைசியாகச் சொன்னதை நான் மிகவும் பொருட்படுத்துவேன். பல்லுக்காக வெட்கப்பட்டு நாலு பேரோடு உண்பதைத் தவிர்க்கத் தொடங்கியவர், தனியாக உண்ணும்போது அளவையும் குறைத்துக்கொள்கிறார்.

அடுத்து, மாதம் ஒருமுறை வாயைப் பார்க்க வேண்டும். வெளிச்சமான இடத்தில் உட்காரவைத்து, பல்செட் இருந்தால் கழற்றச் சொல்லி, கைபேசி விளக்கை அடித்து, ஒரு ஸ்பூனின் பின்புறத்தால் கன்னத்தை மெதுவாக விலக்கிப் பார்த்தால் போதும். ஈறு வீங்கியிருக்கிறதா, பல்லின் அடிப்பகுதியில் பழுப்பாகக் குழி விழுந்திருக்கிறதா, உதட்டோரம் வெடித்திருக்கிறதா, பல்செட்டின் அடியில் அண்ணம் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். நாக்கைத் தூக்கச் சொல்லி அடிப்பக்கத்தையும், நாக்கின் இரு ஓரங்களையும் தவறாமல் பாருங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ படர்ந்த திட்டு, கையில் தட்டுப்படும் கட்டி ஆகிய எதுவாக இருந்தாலும், வலிக்கவில்லை என்று தள்ளிப்போடாமல் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

அதே நாளில் எடையும் பாருங்கள். எப்போதும் ஒரே எடைக்கருவியில், காலையில், ஏறத்தாழ ஒரே மாதிரி உடையில் பார்த்துக் காலண்டரில் குறித்து வைத்தால் போதும். மூன்று மாதத்தில் 3 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தாலும், ஆறு மாதத்தில் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்திருந்தாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நிற்க முடியாதவருக்குக் கெண்டைக்காலின் பருமனான இடத்தில் தையல் டேப் வைத்து அளக்கலாம், 31 செ.மீ.க்குக் குறைந்தால் தசை மெலிந்திருக்கிறது என்று கருதுவது முதியோர் ஊட்டச்சத்துக் கணிப்பில் வழக்கம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் நடந்துவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அந்த மாத்திரை வரும் நாளையே வாய் பார்க்கும் நாளாகவும் எடை பார்க்கும் நாளாகவும் வைத்துக்கொண்டால் மறக்காது.

இருக்கும் பல்லைக் காப்பது

வயதானவர்களின் பல் பெரும்பாலும் வேர்ப்பகுதியில்தான் சொத்தையாகிறது. ஈறு இறங்கும்போது வெளியே தெரியும் வேருக்கு, பல்லின் கெட்டியான மேலுறையான எனாமலின் காப்பு கிடையாது. எனாமலைக் கரைக்காத லேசான அமிலமே வேரைக் கரைத்துவிடும். அதன்மேல் செங்கல் தூள், உமிக்கரி, கரடுமுரடான பல்பொடி ஆகியவற்றை வைத்து விரலால் தேய்த்தால் பல்லின் கழுத்தில் பள்ளமே விழும். மென்மையான தூரிகையும் ஃபுளோரைடு உள்ள பற்பசையும் போதும். பட்டாணி அளவு பற்பசையால் காலையிலும், படுக்கப் போகும் முன்பும் தேய்த்து, நுரையைத் துப்பிவிட்டு, வாயை அலசிக் கொப்பளிக்காமல் விட்டால் ஃபுளோரைடு பல்லில் தங்கி வேலை செய்யும். வேப்பங்குச்சியை விட மனமில்லாதவர் காலையில் அதையே வைத்துக்கொள்ளட்டும். இரவில் மட்டும் தூரிகைக்கு அவரைச் சம்மதிக்க வையுங்கள். விரல் மூட்டு வீங்கிப் பிடிப்பு இல்லாதவருக்குத் தூரிகையின் காம்பில் சைக்கிள் கைப்பிடி உறையை மாட்டியோ, துணியைச் சுற்றி நூலால் கட்டியோ கொடுத்தால் அவரே தேய்த்துக்கொள்வார். பிறர் உதவி வேண்டியிராமல் தானே செய்துகொள்வது அவருக்குப் பெரிய நிம்மதி.

இங்கே ஒரு முரண்பாட்டையும் சொல்ல வேண்டும். மெலிந்த பெரியவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள் என்று உணவு ஆலோசகர் சொல்வார். அடிக்கடி எதையாவது வாயில் போட்டால் பல் கெடும் என்று பல் மருத்துவர் சொல்வார். இருவர் சொல்வதும் உண்மைதான். அடிக்கடி கொடுப்பது பிஸ்கட், ரஸ்க், சர்க்கரை போட்ட சத்துமாவுப் பானம், இருமல் மிட்டாய், கற்கண்டு என்று இருக்கும்போதுதான் இரண்டும் மோதுகின்றன. இடைவேளையில் மோர், இனிப்பில்லாத பால், மசித்த சுண்டல், அவித்த முட்டை, கனிந்த பப்பாளி என்று கொடுத்து, பின்னால் ஒரு வாய் தண்ணீரால் கொப்பளிக்கச் செய்தால் உடம்பும் தேறும், பல்லும் தப்பும். இரவுப் பாலைத் தூரிகைக்கு முன்னால் கொடுங்கள், பின்னால் வேண்டாம்.

வாய் உலர்வதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். உமிழ்நீர் குறைந்தால் சோறு தொண்டையில் ஒட்டும், சுவை மங்கும், பல்செட் உராயும், சொத்தை வேகமாகப் பரவும். பெரும்பாலும் இதற்குக் காரணம் மாத்திரைகள்: சில இரத்த அழுத்த மாத்திரைகள், நீர் பிரிக்கும் மாத்திரைகள், சளிக்கும் அரிப்புக்கும் கொடுப்பவை, மனச்சோர்வுக்கும் சிறுநீர் அடக்க முடியாமைக்கும் கொடுப்பவை ஆகியவை வாயை உலர்த்தலாம். நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று, வாய் உலர்கிறது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். நேரத்தை மாற்றியோ, வேறு மருந்து தந்தோ அவர் உதவக்கூடும். அதுவரை பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்து அடிக்கடி ஒரு மிடறு கொடுக்கலாம். இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவுக்குள்தான். உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவலாம். ஆல்கஹால் கலந்த வாய்க்கழுவி வாயை மேலும் உலர்த்தும்.

வெற்றிலை உரலைப் பற்றியும் சொல்லாமல் போக முடியாது. பல் போன பாட்டிகள் சின்ன இரும்பு உரலில் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் இடித்து, விரலால் வழித்து வாயில் அடக்கிக்கொள்வதைப் பார்த்திருப்போம். அதோடு புகையிலை சேர்ந்தால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். புகையிலை இல்லாத பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004ஆம் ஆண்டில் வகைப்படுத்திவிட்டது. பாக்கை நெடுநாள் அடக்கினால் கன்னத்தின் உள்தோல் நார்போல இறுகி, வாய் திறப்பது குறையும். லேசான காரமும் எரியும். அவருடைய நடு மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக நிமிர்த்தி மேல் கீழ் முன்பற்களுக்கிடையே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நுழையவில்லையென்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இத்தனை ஆண்டுப் பழக்கத்தை அதட்டி நிறுத்த முடியாது. முதலில் புகையிலை, பிறகு பாக்கு என்று விலக்கி, வெற்றிலையோடு சோம்பும் ஏலக்காயும் இடித்துக் கொடுத்து மெல்லப் பழக்கலாம்.

பல்செட்: கட்டுவது, பழக்குவது, பேணுவது

சொத்தை விழுந்த வேர்ப்பல்லை அடைக்க முடியும்; ஆடும் பல்லையும் சில சமயம் காப்பாற்ற முடியும். எடுத்துவிடலாம் என்று முடிவு செய்யும் முன், காப்பாற்ற வழி உண்டா என்று ஒருமுறை கேளுங்கள். சொந்தமாக இரண்டு மூன்று பற்கள் நின்றாலும் பகுதிப் பல்செட்டுக்கு அவை நல்ல பிடிமானம். கீழ்த்தாடையில் பல்லே இல்லாமல், முழுப் பல்செட் நிற்காமல் தவிப்பவர்களுக்கு இரண்டு இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் சிறு திருகு) வைத்து அதன்மேல் பல்செட்டைப் பொருத்துவது மிகவும் உதவும். 2002ஆம் ஆண்டிலேயே கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் இதையே கீழ்த்தாடைக்கு முதல் தேர்வாகப் பரிந்துரைத்தார்கள். செலவு தாங்காது என்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளை நாடலாம்; சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவமனைகளிலும், பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பல் பிரிவு இருக்கிறது.

பல்செட் கட்டிவிட்டால் சாப்பாடு தானாகச் சரியாகிவிடும் என்று நம்புவதுதான் குடும்பங்கள் பரவலாகச் செய்யும் பிழை. புதுப் பல்செட் மட்டும் கிடைத்தவர்களின் உணவு பெரும்பாலும் பழையபடியே இருக்கிறது என்றும், கூடவே என்ன உண்ண வேண்டும் என்று வழிகாட்டியபோதுதான் அது மேம்படுகிறது என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. பல ஆண்டுகளாக ரசம் சாதத்துக்குப் பழகியவரின் கை கறியை நோக்கித் தானாகப் போகாது. முதல் சில நாட்கள் குழைந்த கிச்சடி, அவித்த முட்டை, மசித்த காய் என்று கொடுத்து, பிறகு சிறு துண்டுகளாக வேகவைத்த காய், உதிர்த்த மீன், மென்மையான சப்பாத்தி என்று ஏற்றிக்கொண்டே போங்கள். முன்பல்லால் கடித்து இழுக்காமல், சிறிது சிறிதாக வாயில் வைத்து இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் மெல்லச் சொல்லுங்கள். பேச்சு குழறினால் தினமும் செய்தித்தாளை உரக்கப் படிக்கச் சொல்லலாம். ஓரிடத்தில் குத்திப் புண்ணானால் உப்புத்தாளால் தேய்ப்பதோ, உடைந்த இடத்தைக் கடைப் பசையால் ஒட்டுவதோ கூடாது. மருத்துவரிடம் போகும் நாளில் சில மணி நேரமாவது பல்செட்டைப் போட்டுக்கொண்டு போனால், எங்கே உராய்கிறது என்பது ஈறில் தெளிவாகத் தெரியும். அவர் அந்த இடத்தை மட்டும் சரிசெய்து தருவார்.

இரவில் பல்செட்டைக் கழற்றி, மென்மையான தூரிகையாலும் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு துளியாலும் தேய்த்து, நன்றாக அலசி, குளிர்ந்த தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். பற்பசை பல்செட்டைக் கீறும். வெந்நீர் அதன் வடிவத்தைக் கெடுக்கும். கைதவறி விழுந்தால் உடையாமல் இருக்க, கழுவும்போது கீழே தண்ணீர் நிரம்பிய வாளியை வைத்துக்கொள்ளுங்கள். இரவும் பகலும் கழற்றாமல் இருப்பவர்களின் அண்ணத்தில் பூஞ்சை படர்ந்து சிவந்துபோகும். அதனாலேயே சாப்பாடு எரிச்சலாக இருப்பதைப் பலர் அறிவதில்லை. பல் எடுத்த பிறகு தாடை எலும்பு ஆண்டுதோறும் சுருங்கிக்கொண்டே போவதால், பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன் கட்டிய செட் இன்று பொருந்தாது. ஆண்டுக்கொருமுறை காட்டினால் உட்புறத்தை மட்டும் புதுப்பித்துத் தர வழியிருக்கிறது.

மென்மை குறையாமல் சத்தைக் கூட்டுவது

இந்த வழிகாட்டியில் உங்கள் நேரத்தை அதிகம் கேட்கும் பகுதி இதுதான். பலனும் இங்கேதான் அதிகம். வயதானவர்களுக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவை என்று முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். 55 கிலோ எடையுள்ளவருக்கு இது 55 முதல் 66 கிராம் வரை வரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்கு எவ்வளவு என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். இப்போது தொடக்கத்தில் சொன்ன தட்டைக் கூட்டிப் பாருங்கள். ஒரு இட்லியில் ஏறத்தாழ 2 கிராம். மூன்று இட்லியும், தெளிந்த சாம்பாரும், ரசம் சாதமும், கொஞ்சம் மோரும், டீயும் பிஸ்கட்டும், இரவு இரண்டு இட்லியும் சேர்த்தால் 25 கிராமை எட்டுவதே கடினம். தேவையில் பாதிகூட இல்லை.

தட்டின் தோற்றத்தைப் பெரிதாக மாற்றாமலே இதை இரட்டிப்பாக்கலாம். காலையில் கேழ்வரகுக் கஞ்சியைத் தண்ணீருக்குப் பதில் 200 மி.லி. பாலில் காய்ச்சினால் 6 கிராமுக்கு மேல் கூடும். கேழ்வரகு 100 கிராமில் 300 மி.கி.க்கு மேல் சுண்ணாம்புச்சத்தும் உண்டு. இரண்டு மேசைக்கரண்டி கொழுப்பு நீக்கிய பால்பொடியைக் கஞ்சியிலோ மோரிலோ கலந்தால் இன்னும் 5 கிராம் ஏறும், சுவையும் மாறாது. சாம்பாரில் மேலாகத் தெளிந்ததை ஊற்றாமல், அடியில் படிந்த பருப்பைக் கரண்டியால் கலக்கி ஊற்றுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம். அவித்ததை உதிர்த்து நெய்விட்டுப் பிசைந்த சாதத்தில் கலக்கலாம். அடித்த முட்டையைக் கொதிக்கும் கஞ்சியில் நூலாக ஊற்றிக் கிளறினால் அது பஞ்சுபோல வெந்து கலந்துவிடும். பச்சை முட்டையும் அரைவேக்காடும் பெரியவர்களுக்கு வேண்டாம். கிருமித் தொற்று வந்தால் அவர்கள் தாங்க மாட்டார்கள்.

சுண்டலை விட்டுவிட வேண்டியதில்லை. கொண்டைக்கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்து, வழக்கத்தைவிடக் கூடுதலாக இரண்டு மூன்று விசில் விட்டு, சூடாக இருக்கும்போதே மத்தால் மசித்து, தோல் தட்டுப்பட்டால் சல்லடையில் தேய்த்து எடுத்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துத் தேங்காய் அரைத்து ஊற்றினால் வெண்ணெய்போல இருக்கும். கறிவேப்பிலையைத் தாளித்த பின் எடுத்துவிடுங்கள். பல்செட்டின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த கடலை 30 கிராமுக்குச் சுமார் 6 கிராம் புரதம் கிடைக்கும். வேர்க்கடலையை வறுத்துத் தோல் நீக்கிச் சட்னியாக அரைக்கலாம். பருப்புத் துவையலை இன்னும் கொஞ்சம் நைசாக, நல்லெண்ணெய் விட்டுக் கொடுத்தால் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

அசைவம் உண்பவர்களுக்கு நம் சமையலிலேயே அருமையான வழி இருக்கிறது: சுறாப்புட்டு. வேகவைத்து, தோல் நீக்கி, கையால் உதிர்த்து, சின்ன வெங்காயமும் பூண்டும் இஞ்சியும் வதக்கிப் பிரட்டும் அந்த முறையில் முள் குறைந்த எந்த மீனையும் செய்யலாம். ஆவியில் வெந்த மீனை வெள்ளைத் தட்டில் பரப்பி, விரல் நுனிகளால் இருமுறை தடவித் தேடினால் தப்பிய முள்ளும் அகப்படும். கடைசியில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் உதிரி ஒட்டிக்கொண்டு வாயில் சிதறாமல் இருக்கும். கோழியை நன்றாக வேகவைத்து எலும்பு நீக்கி, கொத்திய பிறகு அதே சாறும் கொஞ்சம் தயிரும் விட்டுப் பிசைந்தால் வறட்சி தெரியாது. ஆட்டுக்கால் சூப்பைப் பற்றி ஒரு வார்த்தை: உடம்புக்குத் தெம்பு என்று அதன் சாற்றை மட்டும் கொடுத்துவிட்டுக் கறியைப் பிள்ளைகளுக்கு வைத்துவிடுகிறோம். தசையை வளர்க்கும் புரதத்தின் பெரும்பகுதி கறியில்தான் இருக்கிறது. சாறு பசியைத் தூண்ட நல்லது, சாப்பாட்டுக்கு மாற்றாகாது.

காய்களில் கோவைக்காய், கொத்தவரங்காய், முற்றிய வெண்டை ஆகியவை பல்லுக்கு எதிரிகள். பூசணி, சுரை, பீர்க்கு, கேரட், பீன்ஸ் ஆகியவற்றைப் பாசிப்பருப்போடு கூட்டாக வைத்தால் காயும் பருப்பும் ஒரே கரண்டியில் போய்விடும். கீரையின் தண்டை நீக்கி, இலையை மட்டும் வேகவைத்துக் கடைந்து, அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சைச் சாறு பிழிந்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அது தடைபடும், ஒரு மணி நேரம் போகட்டும். கொய்யாவைத் தோலும் விதையும் நீக்கி மசிக்கலாம். நெல்லிக்காயை ஆவியில் வைத்துக் கொட்டை நீக்கித் தேங்காயோடு அரைத்துத் தயிர்ப் பச்சடியாக்கலாம். மிகவும் மெலிந்தவருக்கு ஒவ்வொரு வேளையும் ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ கூட்டினால் வயிறு நிறையாமலே 45 கலோரி ஏறும்.

சாதம், குழம்பு, பொரியல், அப்பளம் எல்லாவற்றையும் ஒன்றாக மிக்ஸியில் போட்டு, சாம்பல் நிறக் கூழாக அடித்துக் கொடுக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எழுபது ஆண்டுகள் சாம்பார் வேறு, கூட்டு வேறு என்று ருசித்து உண்டவருக்கு அது உணவாகவே தெரியாது. இரண்டு கரண்டியோடு போதும் என்பார், நாம் பசியில்லை என்று குறித்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் தனியாக மசித்துத் தட்டில் தனித்தனி இடத்தில் வையுங்கள், பெயர் சொல்லிப் பரிமாறுங்கள். தேவைக்கு மேல் அரைக்கவும் வேண்டாம். கொஞ்சம் மெல்ல முடிந்தவருக்கு நன்றாக வெந்த காயை ஒன்றரை செ.மீ.க்கு மேற்படாத துண்டாக வெட்டினால் போதும். மிகவும் முடியாதவருக்கு 4 மி.மீ. அளவில், அதாவது முள்கரண்டியின் இரண்டு முட்களுக்கிடையே நுழையும் அளவில் நசுக்கி, குழம்போ தயிரோ விட்டு ஈரமாக்க வேண்டும். மென்றுகொண்டிருந்தால்தான் உமிழ்நீரும் தாடைத் தசையும் நிலைக்கும் என்பதால், மெல்லும் திறன் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அவ்வளவுக்கு வேலை கொடுக்க வேண்டும்.

விழுங்குவதில் சிரமம் இருந்தால்

சாப்பிடும்போது இருமல், விழுங்கிய பின் குரல் ஈரமாகக் கரகரப்பது, உணவு கன்னத்தில் தேங்கி நிற்பது, அடிக்கடி வரும் சளிக் காய்ச்சல் ஆகியவை பல்லைத் தாண்டிய அறிகுறிகள். பக்கவாதம் வந்தவர்களிடமும், நடுக்கவாதம் (பார்க்கின்சன்), மறதிநோய் உள்ளவர்களிடமும் இது மிகுதி. இவர்களுக்கு நாம் பாதுகாப்பானது என்று நினைக்கும் ரசம் சாதமே ஆபத்தாகலாம். சோற்றை மெல்லும்போது நீர்த்த ரசம் தனியாக ஓடி மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். திடமும் நீரும் பிரிந்து நிற்காத, ஒரே பதமான, கரண்டியில் நிற்கும் கெட்டியான உணவே இவர்களுக்கு ஏற்றது. எந்தப் பதம் என்பதை விழுங்கும் பயிற்சி தரும் நிபுணர் சோதித்துச் சொல்வார். நிமிர்ந்து உட்காரவைத்து, முகவாயைச் சற்றுக் கீழே தாழ்த்தி, சின்னக் கரண்டியில் கொடுத்து, முந்தையது உள்ளே போனதைப் பார்த்த பிறகே அடுத்ததைக் கொடுங்கள். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள்.

படுக்கையில் இருப்பவரின் வாயை, அவர் வாய்வழியாக உண்ணாவிட்டாலும், தினம் இருமுறை சுத்தம் செய்தாக வேண்டும். வாயில் பெருகும் கிருமிகள் உமிழ்நீரோடு நுரையீரலில் இறங்குவதால்தான் இவர்களுக்கு நிமோனியா பலமுறை வருகிறது. தலைமாட்டை உயர்த்தி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, சிறிய மென்தூரிகையை நனைத்து உதறித் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், பற்களுக்கிடையே விரலைக் கொடுக்காதீர்கள். பக்கவாதம் வந்தவரின் செயலிழந்த பக்கக் கன்னத்தில் காலையில் உண்டது மாலைவரை அப்படியே கிடக்கும். ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் அங்கே பாருங்கள்.

மருத்துவரிடம் போகும்போது

பல் மருத்துவரிடம் சில மருந்துகளைத் தவறாமல் சொல்ல வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ எலும்பை வலுப்படுத்தும் மாத்திரையோ ஊசியோ எடுப்பவருக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளைப் பல் எடுப்பதற்காக நீங்களே நிறுத்தினால் மாரடைப்பும் பக்கவாதமும் வரக்கூடும். இரு மருத்துவர்களும் பேசி முடிவு செய்யட்டும். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுபவர்களில் சிலருக்கு ஈறு தடித்து வளர்வதும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுபவர்களில் சிலருக்கு பி12 குறைந்து நாக்கு எரிவதும் உண்டு என்பதால், அவற்றைப் பொது மருத்துவரிடமும் கேளுங்கள். மருத்துவமனையில் சேர்க்கும்போது பல்செட்டைத் துணியிலோ காகிதத்திலோ சுற்றித் தலையணைக்கடியில் வைத்தால் அது விரிப்போடு போய்விடும்; பெயர் எழுதிய மூடியிட்ட டப்பாவில், தண்ணீரில் போட்டுக் கொடுங்கள்.

வாயைச் சரிசெய்து, தட்டையும் மாற்றிய பிறகு, அதே எடைக்கருவியில் மாதாமாதம் பார்த்து வாருங்கள். இரண்டு மாதத்தில் எடை மேலும் இறங்காமல் நின்றிருந்தால் அதுவே முன்னேற்றம். அதன்பின் மெல்ல ஏறும். நன்றாக உண்டும் எடை இறங்கிக்கொண்டே போனால் சமையலறையில் இன்னும் எதையாவது மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். தைராய்டு, காசநோய், கட்டுப்படாத சர்க்கரை, மனச்சோர்வு, புற்றுநோய் என்று தேடிப் பார்க்க வேண்டிய காரணங்கள் பல உண்டு. எடை குறித்த காலண்டரையும் மாத்திரைப் பையையும் எடுத்துக்கொண்டு அந்த வாரமே பொது மருத்துவரிடம் காட்டுங்கள்.